ஏ, எம், எம், ஏ

தமிழ்ப்பள்ளிக்கு டேப்லட் வரும் நாளில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒய்.பி. வருவார், மாலை விழும், அட்டையில் அச்சடித்த பெரிய காசோலையோடு படம் எடுப்பார்கள். அப்படி வந்த டேப்லட்டுகளை ஒரு பள்ளியில் ஏழு மாதம் கழித்துப் பார்த்தேன். இரும்பு அலமாரிக்குள், பெட்டி பிரிக்காமல்.

"ஏன் டீச்சர், பிள்ளைங்களுக்குக் கொடுக்கல?"

"ஒன்னு உடைஞ்சாலும் நான்தாங்க ரிப்போர்ட் எழுதணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. வாங்கிக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்லணும்.

விலை மலிந்துவிட்டது என்பதற்காகவே வாங்கிக் குவிப்பது புதிதல்ல. தாய்லாந்தில் யிங்லக் அரசு, தேர்தலில் வாக்குக் கொடுத்தபடி, 2012இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 800,000க்கும் மேற்பட்ட மலிவு டேப்லட்டுகளை வழங்கியது. 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திட்டம் நின்றது.

சரி, அலமாரியைத் திறந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். முதலாமாண்டுப் பிள்ளை 'அம்மா' எழுதணும். திரையில் ஆங்கில எழுத்துகள். ஏ, எம், எம், ஏ தட்டு, வந்துடும் என்கிறோம். வருகிறது. ஆனால் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை அப்போதுதான் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுத்தது என்ன? தமிழுக்குப் போக ஆங்கிலத்தின் வாசல் வழியாகத்தான் போகணும் என்று.

தமிழ் 99 விசைப்பலகையில் இதே சொல்லுக்கு அ, ம, ம, ஆ. அங்கேயும் நான்கே தட்டு. முதல் 'ம' தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும், இரண்டாவது 'ஆ'வோடு சேர்ந்து 'மா' ஆகும். டீச்சர் கரும்பலகையில் நடத்துகிற பாடமே விரலுக்கு வந்துவிடுகிறது. இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். செல்லினத்தில் தமிழ் 99 இருக்கிறது, அதுவும் இலவசமாக. இத்தனைக்குப் பிறகும் அதை ஏற்றிக் கொடுக்க ஆள் இல்லை என்றால், நமக்கு வேண்டியிருந்தது டேப்லட் அல்ல, படம்.

நீங்களும் நானும் ஆங்கில எழுத்தில்தானே தமிழ் தட்டுகிறோம் என்று கேட்கலாம். உண்மைதான், இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் தட்டினேன். ஆனால் நாம் தமிழ் எழுத்தைக் கையால் எழுதிப் பழகிவிட்டு அப்புறம் குறுக்கு வழிக்கு வந்தவர்கள். அந்தப் பிள்ளைக்குக் குறுக்கு வழிதான் முதல் வழி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒய்.பி. வரும்போது மேடையிலேயே ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு முதலாமாண்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு 'அம்மா' எழுதச் சொல்லுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் மைக்கிலேயே கேட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால்.