கவிதைக்கும் வேண்டும் விளையாட்டு உணர்வு

பள்ளி விளையாட்டு விழா என்றாலே "வெற்றி தோல்வி பெரிதல்ல" என்று ஒரு கவிதை கட்டாயம் வந்துவிடும். எழுதியவனிடம் "வெறும் உபதேசமா இருக்குடா" என்று சக மாணவன் சொல்லிப் பார்க்கட்டும், முகம் சிவந்துவிடும்! ஊருக்கெல்லாம் தோல்வியை ஏற்கச் சொல்பவனால் தன் ஒரு வரி தோற்பதை ஏற்க முடியவில்லை. "சூப்பர்" என்று மட்டும் சொல்லி நழுவும் நண்பனும் குற்றவாளிதான்.

1922-ல் வெளிவந்த 'த வேஸ்ட் லேண்ட்' கவிதையின் பிரதியில் எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாக வெட்டினார். எலியட் கோபிக்கவில்லை, பின்னர் கவிதையையே அவருக்குக் காணிக்கையாக்கினார்.

திருத்தும்போது 'நேர்மை', 'பெருந்தன்மை' போன்ற சொற்களை அடித்துவிட்டு ஒரு காட்சியை வையுங்கள். 2008 ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டம் ஒன்றில் ஹோம் ரன் அடித்த சாரா டுக்கோல்ஸ்கி முழங்கால் காயத்தால் ஓட முடியாமல் விழுந்தார். எதிரணிப் பெண்கள் இருவர் அவரைத் தூக்கிச் சென்று பேஸ்களைத் தொடவைத்தார்கள். அவர்கள் அணி 4-2 என்று தோற்றது.

இதில் உபதேசம் எங்கே இருக்கிறது? தேவையே இல்லையே! குறை சொன்னவனுக்குக் கை கொடுக்கத் தெரியாதவன் விளையாட்டு உணர்வைப் பற்றி எழுதி என்ன பயன்?