டோவரை விட்டால் வேறு துறைமுகமே இல்லையா?

இங்கிலாந்தில் இருக்கும் நம்மாட்களிடம் "கேம்பர் வேன் எடுத்துக்கிட்டு ஐரோப்பா சுத்தப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். லீட்ஸ்காரரோ கிளாஸ்கோகாரரோ, யாராக இருந்தாலும் அடுத்த நொடி பதில் வரும்: "டோவர் போ, கலேல இறங்கு. ஒன்றரை மணி நேரம்தான். அதுதான் சீப்." அவ்வளவுதான். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறாய், எந்த ஊருக்குப் போகிறாய், வண்டியை ஓட்டப் போவது யார், மாற்றி ஓட்ட ஆள் இருக்கா... ஒரு கேள்வி கிடையாது. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையை நீட்டும் கம்பவுண்டர் மாதிரி.

இந்த அறிவுரை எங்கே பிறந்தது என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். இங்கே தமிழர்கள் கூட்டமாக இருப்பது லண்டனில்தான். ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங். அங்கிருந்து டோவர் சுமார் 125 கி.மீ. அக்கரையில் பாரிஸ், லா ஷாப்பெல் பக்கம் சொந்தபந்தம். கல்யாணம், சடங்கு, பொங்கல் என்று போய்வரும் லண்டன் மாமாவுக்கு டோவர்-கலேதான் சரியான வழி. அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் லண்டன் மாமாவின் வழியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் யார்க்ஷயரில் வைத்து "இதுதான் வழி" என்று சட்டம் போடுகிறார்களே, அங்கேதான் சண்டை.

லீட்ஸையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு ஜெர்மனிக்கு, ரைன் நதிக்கரைக்கு, கொலோன் பக்கம் போகிறோம் என்று வையுங்கள். லீட்ஸிலிருந்து டோவருக்கு ஏறத்தாழ 430 கி.மீ. கேம்பர் என்பது கார் இல்லை. மூன்றரை டன் எடை, பக்கவாட்டில் காற்றடித்தால் பாய்மரம் மாதிரி ஆடும். உள்ளே தட்டு டம்ளர் எல்லாம் கச்சேரி செய்யும். எம்1, எம்25 எல்லாம் தாண்டி டோவர் போய்ச் சேர ஆறு மணி நேரமாவது ஆகும். துறைமுகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, கடலில் ஒன்றரை மணி நேரம், இறங்கினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்கும். அங்கிருந்து கொலோன் இன்னும் 415 கி.மீ. அதுவும் சாலையின் வலது பக்கத்தில். மொத்தம் 845 கி.மீ.

அதே லீட்ஸிலிருந்து ஹல் துறைமுகம் 100 கி.மீ. இரவு எட்டரை வாக்கில் கப்பல் கிளம்பும். சாப்பிட்டு, கேபினில் கட்டிலில் படுத்துத் தூங்கி எழுந்தால் காலையில் ரோட்டர்டாம் பக்கத்து யூரோபோர்ட். அங்கிருந்து கொலோன் 300 கி.மீ.க்குள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மொத்தம் ஓட்டியது 400 கி.மீ. கூட இல்லை. அதுவும் நடுவில் ஒரு இரவு முழுக்கத் தூங்கியபிறகு.

கிளாஸ்கோ கதை இன்னும் மோசம். டோவருக்கு 750 கி.மீ.க்கு மேல். நியூகாசிலுக்கோ 250 கி.மீ. சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஐமாவ்டனில் இறக்கிவிடுவார்கள். இதை விட்டுவிட்டு ஒரு நாடு முழுவதையும் நெடுக்குவாட்டில் ஓட்டிக் கடந்து, "கடல் பயணம் ஒன்றரை மணி நேரம்தான்" என்று பெருமைப்படுவதில் என்ன அர்த்தம்?

"அதெல்லாம் சரி தம்பி, டிக்கெட் விலையைப் பாத்தியா?" பார்த்தேன். இரவுக் கப்பல் டிக்கெட் அதிகம்தான். ஆனால் டிக்கெட்டை டிக்கெட்டோடு மட்டும் ஒப்பிடுவது, வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்கிற மாதிரி. மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் போக 450, வர 450, ஆக 900 கி.மீ. கேம்பர் லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்தால் அதிகம். 100 லிட்டர் டீசல். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு இரவு தங்கினால் அந்தச் செலவு, எல்லாருக்கும் இரண்டு வேளை சாப்பாடு... இவ்வளவும் கூட்டினபிறகும் பள்ளி விடுமுறை நாட்களில் டோவர்தான் மலிவு என்று கணக்கு வரலாம். வரட்டும். என் வாதமே பணம் பற்றியது இல்லை.

வண்டி ஓட்டுகிறவரைப் பற்றியது.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஓட்டுவது ஒரே ஆள். அப்பா, இல்லை அண்ணன், இல்லை இன்ஷூரன்ஸில் பேர் இருக்கிற ஒரே அப்பாவி நண்பன். மற்றவர்கள் முதல் அரை மணி நேரம் பாட்டு, அடுத்த அரை மணி நேரம் முறுக்கு, அப்புறம் குறட்டை. கூலிக்கு லாரி ஓட்டுகிறவருக்கு இங்கே சட்டம் இருக்கிறது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். மீறினால் வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மூன்றரை டன் கேம்பரில் தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நில்லுங்கள் என்று ஹைவே கோட் யோசனை சொல்வதோடு சரி. லீட்ஸிலிருந்து கொலோனுக்கு ஒரே மூச்சில் போகிறவர், லாரி ஓட்டினால் குற்றமாகக் கூடிய வேலையை விடுமுறை என்ற பெயரில் செய்கிறார்.

இன்னொரு வேடிக்கை. படுக்கை வசதி உள்ள கப்பலில் லாரி டிரைவர் தூங்கும் நேரத்தை அந்தச் சட்டமே ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வண்டியும் நகர்கிறது, டிரைவரும் தூங்குகிறார். பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் லாரிக் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த சூட்சுமம் நம் மாமாக்களுக்குத் தெரியவில்லை :-)

மேற்குப் பக்கம் போகிறவர்கள் கதையும் இதுதான். பிரிஸ்டலில் இருப்பவர் பிரான்ஸின் பிரிட்டனி பகுதிக்குப் போக டோவருக்கு 320 கி.மீ. கிழக்கே ஓட்டி, கலேயில் இறங்கி மறுபடி மேற்கே 500 கி.மீ. ஓட்டி ரென் போகிறார். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அது இதுதான். போர்ட்ஸ்மத் 160 கி.மீ.யில் இருக்கிறது. அங்கே ஏறினால் ஆறு மணி நேரத்தில் கான் நகருக்கு அருகில் விஸ்த்ரஹாம். அங்கிருந்து ரென் 200 கி.மீ. கூட இல்லை. ஸ்பெயின் என்றால் கேட்கவே வேண்டாம். கலேயிலிருந்து சாந்தாந்தேர் 1,200 கி.மீ.க்கு மேல் வரும். பிரெஞ்சு சுங்கச்சாவடிகளில் உயரத்துக்குத் தகுந்த மாதிரி கட்டணம் வேறு. 2 மீட்டரைத் தாண்டினால் இரண்டாம் வகுப்பு. கூரைமேல் டிஷ், ஏ.சி. எல்லாம் வைத்து 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு. போர்ட்ஸ்மத்திலோ பிளிமத்திலோ ஏறினால் நேராக ஸ்பெயினிலேயே இறக்கிவிடுகிறார்கள். கடலில் ஒரு நாள் போகும், உண்மைதான். காரில் போனால் மட்டும் போகாதா?

(இந்த மேற்கு வழிகளை நடத்தும் பிரிட்டனி ஃபெர்ரீஸ் கம்பெனியைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? பிரிட்டனி விவசாயிகள். தங்கள் காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்துச் சந்தைக்கு அனுப்பக் கப்பல்காரர்கள் யாரும் முன்வராததால் 1973 ஜனவரியில் ரோஸ்காஃப்-பிளிமத் வழியில் தாங்களே கப்பல் விட்டார்கள். காலிஃபிளவருக்கே தன் ஊருக்குப் பக்கத்துத் துறைமுகம் எது என்று தெரிந்திருக்கிறது.)

டோவரின் வரிசையைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே பிரெஞ்சு எல்லை அதிகாரிகள் இக்கரையிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். அதனால் கூட்டம் முழுக்கக் கப்பல் ஏறுவதற்கு முன்பே தேங்குகிறது. 2022 ஜூலையில் என்ன நடந்தது, 2023 ஈஸ்டரில் பஸ்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் கிடந்தார்கள் என்பதெல்லாம் செய்தியில் வந்ததுதான். 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் கைரேகை, புகைப்படம் எடுக்கும் புதிய நுழைவுப் பதிவு முறையைத் தொடங்கியபிறகு ஆளுக்கு ஆகும் நேரம் குறையப் போவதில்லை. ஹல், ஹாரிச், நியூகாசில், போர்ட்ஸ்மத் வழியில் அந்தச் சோதனை அக்கரையில் நடக்கிறது. அங்கேயும் வரிசை உண்டு. ஆனால் தூங்கி எழுந்தபின் நிற்கும் வரிசைக்கும் ஆறு மணி நேரம் ஓட்டியபின் நிற்கும் வரிசைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள். கப்பல் ஆடினாலே வாந்தி எடுக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு பிஸ்கே விரிகுடாவைக் கடக்கச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஃபோக்ஸ்டனில் சுரங்க ரயில் இருக்கிறது, 35 நிமிடம். சமையல் சிலிண்டர் வரம்புக்குள் இருந்தால் அனுமதி உண்டு. எல்.பி.ஜி.யில் ஓடும் எஞ்சின் என்றால் ஏற்றமாட்டார்கள்.

"போரடிக்குமே" என்பதெல்லாம் வாதமே இல்லை. எம்25-இல் நெரிசலில் நிற்பது மட்டும் என்ன, திருவிழாவா?

மலிவு என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் 786 ஊழியர்களை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. தகவல் சொன்னது பதிவுசெய்த ஒரு வீடியோவில். தொழிற்சங்கங்களிடம் முதலில் கலந்து பேசவேண்டும் என்ற சட்டத்தை மீறியதை அந்த நிறுவனத்தின் தலைவரே நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். புதிதாக எடுத்த ஆட்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு என்றும் அவரே சொன்னார். அன்றைக்கு பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி 8.91 பவுண்டு. நான் மேலே சொன்ன ஹல் கப்பலும் அதே நிறுவனத்துடையதுதான். அன்றைக்கு ஹல்லில் நின்ற கப்பலின் ஊழியர்கள் இறங்க மறுத்துக் கப்பலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். இது உங்களுக்கு உறுத்தினால் லீட்ஸிலிருந்து நியூகாசில் 160 கி.மீ.தான், அங்கே வேறு கம்பெனி. துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. ஒரே துறைமுகம்தான் உண்டு என்று நம்பிவிட்டால் அந்த உரிமையும் போச்சு.

வழிகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நியூகாசில்-பெர்கன் 2008-இல் நின்றது. ஸ்காட்லாந்தின் ரோசித்திலிருந்து பயணிகளுக்கான கப்பல் 2010-இல், ராம்ஸ்கேட்-ஆஸ்டெண்ட் 2013-இல், ஹாரிச்-எஸ்பியர் 2014-இல், ஹல்-சேப்ரூகா 2021-இல். மலிவு விமானம், 1999-இல் ஒழிந்த டியூட்டி ஃப்ரீ வியாபாரம், கப்பல் எரிபொருள் விதிகள் என்று காரணம் பல. காலிக் கேபின்களும் அதில் ஒன்று. நார்வேக்கும் டென்மார்க்குக்கும் இங்கிருந்து கேம்பரோடு நேராகப் போக இன்றைக்குக் கப்பலே இல்லை.

நம் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா எடுப்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. அதாவது "கலேல இறங்கினா பிரெஞ்சு விசாதான்" என்று சொல்வது தவறு. விசாவுக்காக யாரும் டோவரைக் கட்டி அழவேண்டியதில்லை. இரண்டாவது, எந்தத் துறைமுகமானாலும் ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். 2021-லிருந்து பிரிட்டனிலிருந்து பாலும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. தயிர் உட்பட. முதல் மாதத்திலேயே நெதர்லாந்தில் லாரி டிரைவர்களின் ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். உங்கள் தயிர்சாதத்தை விட்டுவிடுவார்களா என்ன!

டோவர் கட்சிக்காரர்கள் எல்லாருமே கணக்கில் விட்டுவிடுவது திரும்பி வரும் வழியை. போகும்போது உற்சாகம் இருக்கும், எப்படியோ ஓட்டிவிடலாம். வரும்போது விடுமுறையின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும் இடத்திலேயே இரண்டு மணி நேரம் தாமதம், அந்தக் கப்பல் போய் அடுத்த கப்பல். டோவரில் இறங்கும்போது இரவு பத்து. மறுபடி இடது பக்கம் ஓட்டப் பழகவேண்டும். லீட்ஸுக்கு 430 கி.மீ. திங்கள் காலை எட்டு மணிக்கு வேலை. பின்னால் எல்லாரும் தூங்குகிறார்கள், பேச்சுக்கொடுக்க ஆள் இல்லை. எம்1-இல் நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், அன்றைக்குக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் அதே ஆள். ஹல் கப்பலில் வந்திருந்தால் அந்த நேரத்தில் அவர் வடகடலின் நடுவில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். வேலைக்கு மட்டும் திங்கட்கிழமை ஒரு நாள் லீவு சொல்லியிருக்கவேண்டும்.