வரும், வரலாம், வருமாம்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நெருங்கும்போது ஆப்பிள் நிறுவனத்தின் அடுத்த ஐபோனைப் பற்றிய செய்திகள் பெருகத் தொடங்குகின்றன. நிறம் இது, தடிமன் இவ்வளவு, விலை இன்னது, கேமரா இந்த இடத்தில் என விவரங்கள் வந்து குவிகின்றன. நிறுவனமோ ஒரு சொல்லும் உரைத்திருப்பதில்லை. இவ்விவரங்களுள் சில, தொழிற்சாலையிலிருந்தோ வடிவமைப்புக் கூடத்திலிருந்தோ ஒருவர் வெளியே சொன்னவை. சில, பங்குச்சந்தை ஆய்வாளர்களின் கணிப்பு. சில, இரசிகர்களின் விருப்பம். தோற்றத்தால் வேறுபட்ட இம்மூன்றும் தமிழ்ச் செய்தித் தலைப்பில் பெரும்பாலும் ஒரே வினைமுற்றைப் பெறுகின்றன: “வருகிறது.” இதைத் தொழில்நுட்பச் செய்திகளின் சிறுபிழை எனக் கடந்துவிட இயலாது. சொன்னவர் யார் என்பதை மொழி மறைக்கும்போது, சொன்னதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதும் மறைந்துபோகிறது.

தமிழ் இவ்வகையில் வறிய மொழியன்று. “வரும்” என்பவர் உறுதி கூறுகிறார். “வரலாம்” என்பவர் தம் ஊகத்தைச் சொல்கிறார். “வருமாம்” என்பவர் பிறர் வாய்க் கேட்டதைச் சொல்கிறார். இந்த ‘ஆம்’ வினையோடு மட்டுமன்றிப் பெயரோடும் சேரும்: “அவர் பேராசிரியராம்.” அறிவு எவ்வழி வந்தது என்பதைக் காட்டும் இத்தகைய இலக்கணக் கூறு உலகமொழிகள் பலவற்றில் உண்டு. துருக்கியில் ‘மிஷ்’ விகுதி ஏறத்தாழ இப்பணியைச் செய்கிறது. அமேசான் பகுதியில் வழங்கும் துயூகா மொழியில், கண்டறிந்ததா பிறர் சொன்னதா என்பன போன்ற வேறுபாடுகளை வினைவிகுதி காட்டியே ஆகவேண்டும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. கருவி மட்டும் கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு விகுதி கிடையாது. ‘கேள்விப்பட்டவரை’ என்னும் பொருள்படத் தனிச்சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தலைப்பில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அச்சொல்தான். வெட்டுண்ட அத்தலைப்பைத் தமிழாக்குபவர், ஒரேயோர் எழுத்தசையால் மீட்கக்கூடியதை மீட்காமலே விட்டுவிடுகிறார்.

இவ்வேறுபாடு வெறும் நடைநயம் அன்று என்பதற்கு ஆப்பிள் வரலாறே சான்று. 2004ஆம் ஆண்டின் இறுதியில், ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நடத்திய ‘திங்க் சீக்ரெட்’ என்னும் தளம், 499 டாலர் விலையில் திரையில்லாத மேக் கணினி ஒன்று வரவிருப்பதாக எழுதியது. 2005 ஜனவரி 4 அன்று ஆப்பிள் அத்தளத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 11 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் மினியை அதே விலையில் அறிமுகம் செய்தார். வணிக இரகசியம் திருடப்பட்டது என்று வழக்காட வேண்டுமாயின், அது உண்மை என ஏற்றே ஆகவேண்டும். ஆகவே அறிமுகத்துக்கு முன்னரே அந்தத் தகவலை உறுதிசெய்தது நிறுவனத்தின் வழக்குமனுவே எனலாம். 2007 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. தகவல் தந்தவர் பெயர் வெளிவரவில்லை. ஆனால் தளம் மூடப்பட்டது.

அதே காலத்தில் நடந்த மற்றொரு வழக்கு இன்னும் நுட்பமானது. ‘ஆஸ்டிராய்டு’ என்னும் மறைபெயருடைய, இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் சாதனம் ஒன்றைப் பற்றி ‘பவர்பேஜ்’, ‘ஆப்பிள் இன்சைடர்’ ஆகிய தளங்கள் 2004 நவம்பரில் எழுதின. வெளியே சொன்னவர் யார் என அறிய ஆப்பிள் நீதிமன்றத்தை நாடியது. கீழ்நீதிமன்றம் அதற்கு இசைந்தது. 2006 மே 26 அன்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. செய்தியாளர் தம் தகவலாளரைக் காக்கும் உரிமை இணையத்தில் எழுதுவோருக்கும் உண்டு என்றது. எது முறையான இதழியல், எது அன்று எனத் தரம்பிரிக்க மறுத்தது. ஆஸ்டிராய்டு சாதனமோ இறுதிவரை சந்தைக்கு வரவே இல்லை. “வரும்” என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். “வருமாம்” என்பது பொய்யாகவில்லை. உள்ளிருந்த ஒருவர் சொன்னார், அவர் சொன்ன திட்டம் அன்று இருந்தது. ஓர் எழுத்தசையின் இடைவெளியில் ஒரு வழக்கும் ஒரு மனிதரின் பாதுகாப்பும் அடங்கியிருந்தன.

தவறான ஊகத்துக்கு இப்படிப்பட்ட விலை எதுவும் இல்லை. சில வேளைகளில் அது நிறுவனத்துக்கு ஊதியமாகவும் அமைகிறது. 2010 ஜனவரி 27 அன்று ஐபேட் அறிமுகமானபோது, 1000 டாலருக்குச் சற்றுக் குறைவாக விலை இருக்கும் என்று வல்லுநர்கள் கூறிவந்ததை ஜாப்ஸ் மேடையிலேயே நினைவூட்டினார். பின்னிருந்த திரையில் 999 என்னும் எண் நின்றது. பிறகு அது விழுந்து நொறுங்க, 499 தோன்றியது, அரங்கம் ஆர்ப்பரித்தது. பிறருடைய தவறான கணிப்பு அன்று இலவச விளம்பரமாயிற்று. கணித்தவர் எவரும் வழக்கைச் சந்திக்கவில்லை. ஆப்பிள் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வரப்போகிறது என ஆண்டுக்கணக்கில் எழுதியோரும் அவ்வாறே. பெட்டி வரவில்லை, எழுதியோருக்குத் தீங்கும் வரவில்லை. பொய்த்த ஊகம் மன்னிக்கப்படுகிறது, மெய்யான கசிவே தேடிப் பிடிக்கப்படுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை அறிந்தால்தான் ஊகத்தையும் கசிவையும் ஒரே வாக்கியத்தில் போடுவதன் அநீதி புலப்படும்.

இரகசியத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை 2009 ஜூலையில் சீனாவின் ஷென்ஜென் நகரம் கண்டது. ஃபாக்ஸ்கான் நிறுவனத்தில் பணியாற்றிய 25 வயது இளைஞர் ஒருவரின் பொறுப்பில் இருந்த ஐபோன் மாதிரிகளுள் ஒன்று காணாமற்போயிற்று. நிறுவனப் பாதுகாப்புப் பிரிவினரின் விசாரணைக்கு உள்ளான அவர் சில நாள்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாம் தாக்கப்பட்டதாக நண்பர்களிடம் அவர் தெரிவித்திருந்தார் என்பது பின்னர் வெளிவந்தது. அவர் எவருக்கும் எதையும் கசியவிட்டார் என்பதற்குச் சான்றில்லை. ஐயமே போதுமானதாக இருந்தது.

இங்கே மற்றொரு வினைச்சொல்லையும் நோக்கவேண்டும். தமிழ்ச் செய்திகள் “தகவல் கசிந்தது” என்கின்றன. கசிதல் தன்வினை. பானையில் நீர் கசிவதுபோல, செய்பவர் எவரும் இன்றித் தானே நிகழ்வது. “கசியவிட்டார்” என்றால்தான் எழுவாயில் ஓர் ஆள் வேண்டும். தகவலாளரின் பெயரைக் காப்பதற்காக ஆளை மறைப்பது அறம். ஆனால் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதையே மறந்து, இரசிகரின் கனவையும் அவர் துணிவையும் ஒரே தட்டில் வைப்பது அறமாகாது. இன்று இது தொலைதூரத்துச் செய்தியும் அன்று. 2022 செப்டம்பரில் வெளியான ஐபோன் 14, சில வாரங்களுக்குள் சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர் வட்டார ஆலையிலும் இணைக்கப்படலாயிற்று. அங்கே பணிபுரிவோருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அடுத்த சாதனத்தின் உதிரிபாகம் ஒன்றின் படம் வெளிவந்து உலகம் மகிழும் நாளில், விசாரிக்கப்படுவோர் வரிசையில் தமிழ் பேசும் ஒருவரும் நிற்கக்கூடும்.

‘ஆம்’ பேச்சுவழக்கு, எழுத்தின் மதிப்புக்கு ஒவ்வாது என்று சிலர் கூறுவர். அது ஏளனத்தையும் குறிக்கும் என்பர்: “பெரிய அறிஞராம்!” இரண்டாவது கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதற்கு மாற்றாக நாளிதழ்த் தமிழ் கைக்கொண்ட “எனக் கூறப்படுகிறது” என்பது யார் கூறினார் என்னும் வினாவை எழவிடாமலே தடுக்கிறது. மதிப்புடைய எழுத்துக்கு ‘ஆம்’ பொருந்தாது எனில், “ஆலைத் தொடர்புடைய ஒருவர் கூறியதாக இன்ன தளம் எழுதுகிறது” என்று முழுமையாக எழுதலாம். ஊகமாயின் “வரலாம்” போதும். இரசிகர்களின் கற்பனையை எவரும் தடைசெய்ய வேண்டியதில்லை. வராத கருவியை வரைந்து பார்க்கும் இன்பம் குற்றமற்றது. அது “வரலாம்” என்னும் எல்லைக்குள் நிற்கும்வரை எவருக்கும் கேடில்லை.

ஆய்வுலகம் இதைச் சிறுபொருள் என ஒதுக்கலாகாது. மேற்கோளும் அடிக்குறிப்பும் புலமையாளரின் ‘ஆம்’. இது என் கூற்றன்று, இன்னார் இன்ன இடத்தில் கூறியது என அறிவிக்கும் நேர்மை அவற்றில் இருக்கிறது. “ஆய்வுகள் காட்டுகின்றன” என்று பெயரின்றி எழுதும் மாணவரை நெறியாளர் திருத்துகிறார். அதே மாணவர் அன்று மாலை “புதிய ஐபோனில் இது வருகிறது” எனப் பகிரும்போது எவரும் திருத்துவதில்லை. இரண்டும் ஒரே பிழை. முதலாவதில் ஓர் ஆய்வாளரின் உழைப்பு மறைகிறது. இரண்டாவதில், வேலையைப் பணயம் வைத்த ஒருவர் மறைகிறார்.