யூடியூப் சானல்: முதல் 1,000 பேர் எங்கே இருக்கிறார்கள்?

கையில் ஒரு செல்போன். சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு சிறிய மைக். இவை இருந்தால் போதும். இன்று யாரும் ஒரு யூடியூப் சானல் தொடங்கிவிடலாம். கட்டணம் கிடையாது. லைசென்சு கிடையாது.

தொடங்குவது எளிது. பார்க்க ஆள் சேர்ப்பதுதான் கடினம்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் சானல் தொடங்கும் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வாரம் மாமாவும் சித்தப்பாவும் சேருகிறார்கள். அடுத்த வாரம் கல்லூரி நண்பர்கள் சேருகிறார்கள். எண்ணிக்கை 200, 300 என்று ஏறுகிறது. பிறகு அசையாமல் நின்றுவிடுகிறது.

"நம் ஊர் சிறியது. சென்னையில் இருந்தால் ஆள் சேரும்" என்று பலர் சொல்கிறார்கள்.

அது உண்மையா? உண்மை அல்ல. காரணம் வேறு.

1,000 பேரும் 4,000 மணியும்

சானலில் விளம்பரம் போட்டு, அதில் வரும் பணத்தில் பங்கு கொடுக்க, யூடியூப் கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது. 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். (சந்தாதாரர் என்றாலும் அவர் காசு கட்டுவதில்லை; பொத்தானை அழுத்திச் சேருகிறார், அவ்வளவுதான்.) கடைசி 12 மாதங்களில் அந்தச் சானலின் படங்களை மக்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். 2018-ம் ஆண்டு தொடக்கத்தில் இந்த விதி வந்தது. "ஷார்ட்ஸ்" என்னும் சிறு படங்களைப் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு: 4,000 மணிக்குப் பதிலாக, 90 நாட்களில் அந்தப் படங்களை 1 கோடி முறை பார்த்திருக்க வேண்டும்.

4,000 மணி என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் நிமிடம். மலைப்பாக இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 2 படம் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 100 படம். ஒருவர் ஒரு படத்தைச் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால், ஒவ்வொரு படத்தையும் 600 பேர் பார்த்தால் போதும். எட்ட முடியாத எண்ணிக்கை அல்ல.

ஆனால் அந்த 600 பேரும் 4 நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். உறவினர்கள் 1,000 பேரைச் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் 100 படத்தையும் பாசத்துக்காக ஆளுக்கு 1 நிமிடம் பார்க்கிறார்கள். மொத்தம் எவ்வளவு? 1,667 மணிகூட முழுதாக வராது. பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை!

படத்துக்கு ஆள் தேடுவதில்லை

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

யூடியூப் எந்திரம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆள் தேடி அலைவதில்லை. ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பிடித்த படத்தைத் தேடுகிறது. அவர் நேற்று என்ன பார்த்தார், எதை அழுத்தினார், எதைப் பாதியில் விட்டார் என்பதையெல்லாம் கணக்கில் வைத்து, இன்று அவர் முன் படங்களை அடுக்குகிறது. 2012-ம் ஆண்டு முதல், எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே அது அதிக மதிப்புக் கொடுக்கிறது.

அப்படியானால், ஆர்வம் இல்லாமல் சேர்ந்த சந்தாதாரரால் என்ன பயன்? படம் அவர் முன்னால் வருகிறது. அவர் தள்ளிவிட்டுப் போகிறார். "சேர்ந்தவர்களே பார்க்கவில்லை" என்பதுதான் அந்தப் படத்தைப் பற்றி எந்திரத்துக்குக் கிடைக்கும் முதல் செய்தி.

"நீ என் சானலில் சேர், நான் உன் சானலில் சேருகிறேன்" என்று பண்டமாற்று செய்கிறார்கள் அல்லவா? அதுவும் இதே கதைதான். பணம் கொடுத்துச் சந்தாதாரர் வாங்குவது அதைவிட மோசம். இரண்டுமே கம்பெனி விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் எண்ணிக்கையை நீக்கிவிடுவார்கள். சானலே போகவும் கூடும்.

ஆகவே, முதல் 1,000 பேர் சொந்த ஊரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சானல் எதைப் பற்றிப் பேசுகிறதோ, அதைத் தேடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கேதான் அவர்கள் இருக்கிறார்கள். அது ஒட்டன்சத்திரமாக இருக்கலாம். துபாயாகவும் இருக்கலாம்.

சின்னவீரமங்கலம் சொல்லும் பாடம்

சிறிய ஊரில் இருந்து ஆள் சேர்க்க முடியும் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம். பெரம்பலூரில் இருந்து திருச்சியைத் தாண்டித் தெற்கே போனால் புதுக்கோட்டை மாவட்டம். அங்குள்ள சின்னவீரமங்கலம் கிராமத்தில், ஒரு குடும்பத்து இளைஞர்கள் 2018-ல் "வில்லேஜ் குக்கிங் சானல்" தொடங்கினார்கள். விவசாய வேலை இல்லாத காலத்தில் என்ன செய்வது என்ற கேள்வியில் பிறந்த சானல் அது. அவர்களின் தாத்தா பெரியதம்பி சமையல் வேலை பார்த்தவர். அவரே கரண்டி பிடித்தார்.

2021-ம் ஆண்டு ஜனவரியில் ராகுல்காந்தி அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்ட படம் நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டு ஜூலையில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. தமிழில் அந்த எல்லையைத் தொட்ட முதல் சானல் அதுதான். அப்போது முதல்-அமைச்சரின் நிவாரண நிதிக்கு அவர்கள் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

இதைப் பார்த்து அண்டா வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பாடத்தைத் தவறாகப் படித்துவிட்டார்கள். "சமையல் போட்டால் ஆள் வரும்" என்பது அல்ல பாடம்.

அந்தச் சானலில் பேச்சு குறைவு. அம்மியில் அரைப்பது, அடுப்பு மூட்டுவது, இலையில் பரிமாறுவது என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ் தெரியாதவரும் பார்க்கலாம். ஒவ்வொரு படமும் ஒரே வரிசையில் நடக்கிறது. சமைத்த உணவு முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குப் போகிறது. பார்க்க வருகிறவருக்கு, தனக்கு என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியும். அது தவறாமல் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார்கள்.

இங்கே என்ன இருக்கிறது?

பெரம்பலூர்க்காரருக்கும் அரியலூர்க்காரருக்கும் தெரிந்தது என்ன?

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. வெங்காயத்துக்குத் திருகல் நோய் வந்தால் குடும்பமே கலங்குகிறது. இரு மாவட்டங்களிலும் மக்காச்சோளம் விளைகிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்ததை இங்குள்ள விவசாயிகள் மறக்கவில்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளைகிறது.

சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்த ரெயிலும், அதை ஒட்டி மந்திரி பதவியைத் துறந்த லால்பகதூர் சாஸ்திரியும் இன்றும் தேடிப் படிக்கப்படும் வரலாறு.

இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை வெங்காயம், புதன்கிழமை சினிமா விமர்சனம், சனிக்கிழமை நண்பரின் பிறந்த நாள் என்று போட்டால், வெங்காயத்துக்காக வந்தவர் புதன்கிழமையே போய்விடுவார். இந்தச் சானலை யாரிடம் காட்டுவது என்று எந்திரத்துக்கும் தெரியாது.

தலைப்பில் பாதி வேலை

புதிய சானலை யாரும் வீடு தேடி வந்து பார்ப்பதில்லை. தேடல் பெட்டியில் ஏதோ ஒன்றை எழுதுகிறவர்தான் முதலில் தடுக்கி விழுந்து வருகிறார். அவர் என்ன எழுதுவார் என்று யோசிக்க வேண்டும்.

"எங்கள் தோட்டத்தில் ஒரு நாள்" என்று யாரும் தேடமாட்டார்கள். "சின்ன வெங்காயம் திருகல் நோய் என்ன மருந்து" என்று தேடுவார்கள். தலைப்பு அந்தச் சொற்களில் இருக்க வேண்டும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே படம் வந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த பிறகு வந்தால் யார் பார்ப்பது?

படத்தின் முதல் அரை நிமிடம் மிக முக்கியம். "வணக்கம் நண்பர்களே, சானலுக்குப் புதியவராக இருந்தால் மறக்காமல் சேருங்கள்" என்று தொடங்குகிறார்கள். நோய் பிடித்த பயிரை வைத்துக்கொண்டு தவிக்கிற விவசாயி அதையா கேட்க வந்தார்? வாடிய தாளைக் காட்டி, "இப்படி இருந்தால் இதுதான் நோய்" என்று தொடங்கினால் அவர் இருப்பார். எந்த வினாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதைச் சானல் நடத்துகிறவருக்குக் கம்பெனியே கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோட்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஒலி தெளிவாக இருக்க வேண்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். காற்று இரைச்சலில் பேச்சு கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள்.

சொல்வது சரியாகவும் இருக்க வேண்டும். தவறான மருந்தைச் சொன்னால் ஒரு குடும்பத்தின் முதலே போய்விடும். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. கேட்டுச் சொல்லலாம்; அவர்களையே பேசவும் வைக்கலாம்.

வேலையை விட்டுவிடலாமா?

கூடாது. கடன் வாங்கிப் பெரிய காமிரா வாங்கவும் கூடாது.

நீண்ட படத்தில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சானலுக்கு வருகிறது. சேர்ந்த தொகை 100 டாலரை எட்டினால்தான் பணம் கைக்குக் கிடைக்கும். 1,000 சந்தாதாரர்கள் சேர்ந்த உடனே மாதச் சம்பளம் வருவது போலப் பலர் கனவு காண்கிறார்கள். அது வாசற்படி மட்டுமே.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020 ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு டிக்டாக்குக்குத் தடை விதித்தது. லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்த கிராமத்து இளைஞர்கள் ஒரே நாளில் கூட்டத்தை இழந்தார்கள். சானல் என்பது வாடகை வீடு. விதியை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

சினிமாப் பாட்டை அனுமதி இல்லாமல் சேர்த்தால் வருமானம் பாட்டின் சொந்தக்காரருக்குப் போகலாம். 90 நாளில் மூன்று முறை காப்புரிமை எச்சரிக்கை வந்தால் சானலே போய்விடும். வதந்தியும் சாதிச் சண்டையும் கூட்டம் சேர்க்கும் என்பது உண்மைதான். அந்தக் கூட்டம் வெங்காயம் பார்க்க வராது; போலீஸ் வேண்டுமானால் வரும்.

தினமும் காலையில் எழுந்தவுடன் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்து மனம் சோருகிறவர்கள், அதை விட்டுவிட்டுப் படத்தின் கீழே வந்திருக்கும் கேள்விகளைப் பார்க்கலாம். "மழைக்குப் பிறகும் இதே மருந்துதானா?" என்று முன்பின் தெரியாத ஒரு விவசாயி கேட்டிருந்தால், முதல் 1,000 பேரில் ஒருவர் வந்துவிட்டார் என்று பொருள். அவருக்குச் சொல்லும் பதிலே அடுத்த படம்.