மயக்க மருந்து தருபவர் யார்?

அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "மயக்க ஊசி போடுவது டாக்டரா, நர்சம்மாவா?" நியாயமான கேள்வி. நம் நாட்டில் மயக்க மருந்து தருவது மருத்துவரின் பொறுப்பு. செவிலியர் மருந்தை ஆயத்தம் செய்வார். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிப்பார். தாமே மயக்கம் தருவதற்கு அவருக்கு உரிமம் இல்லை.

எல்லா நாடுகளிலும் இந்நிலை இல்லை. அமெரிக்காவில் இதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் உள்ளனர். அவர்களுக்கு உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலமே. மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்னும் மைய அரசின் காப்பீட்டு விதியிலிருந்து மாநிலங்கள் விலக்குப் பெற 2001இல் வழி திறக்கப்பட்டது. சில மாநிலங்கள் பெற்றன, சில பெறவில்லை. நம் அரசோ, ஊர்ப்புறங்களில் மயக்கவியல் மருத்துவர் பற்றாக்குறையை ஈடுசெய்ய, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி அளிக்கும் வழியைத் தேர்ந்தது. அதில் எங்களுக்குக் குறையில்லை. மயக்கத்தில் இருப்பவரின் மூச்சு பிறர் கையில் இருப்பது. அங்கே அவசரம் கூடாது.

ஆயினும், செவிலியர் கற்ற கல்விக்கு உரிய இடம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. தீவிர சிகிச்சைக்கென இரண்டாண்டு முதுநிலைப் பயிற்சியை இந்திய செவிலியர் குழுமம் வகுத்துள்ளது. பிரசவப் பராமரிப்பில் 18 மாத மேற்பயிற்சிக்கு மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இடம் தந்தன. ஆனால் படித்து முடித்தவர் எதுவரை தாமே செய்யலாம் என்பது பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் நெறிமுறையைப் பொறுத்ததாகவே உள்ளது. ஓரிடத்தில் செய்யத்தக்கது மற்றோரிடத்தில் செய்யத்தகாததாகிறது.

இதனால் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். புதுவயல் போன்ற ஊரில் நள்ளிரவில் மூச்சுத்திணறும் முதியவரைக் காரைக்குடிக்கோ மதுரைக்கோ அனுப்ப நேரும்போது, 108 வண்டி வந்து சேரும்வரை கட்டிலருகே நிற்பவர் பல வேளைகளில் செவிலியரே. கற்றதைச் செய்யலாமா, கூடாதா என அவர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் நிமிடம்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் 2023இல் வந்துள்ளது. அது நாடளாவிய பதிவேட்டுக்கும் மாநிலப் பதிவேடுகளுக்கும் வகைசெய்கிறது. அப்பதிவேடுகளில் மேற்பயிற்சி பெற்றோருக்குத் தனிப்பிரிவு வேண்டும். அவர் எவற்றைச் செய்யலாம், யார் மேற்பார்வையில் செய்யலாம், எத்தனை ஆண்டுக்கொருமுறை தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்பன தெளிவாக எழுதப்பட வேண்டும். அத்தகைய உரிமம் செவிலியருக்குத் துணிவு தரும், நோயாளிக்குக் காவலாகும்.

அதுவரை, கேட்கத் தயங்காதீர்கள். மயக்கம் தரும் மருத்துவர் யார், கவனிக்கும் செவிலியர் பதிவு பெற்றவரா எனக் கேளுங்கள். நீங்களும் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, பொய்ப்பல், கடைசியாக உண்ட நேரம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கேட்பதை நாங்கள் குறையாகக் கொள்ளோம்.