கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்பது?

ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நிறைய. கைக்குழந்தை இருக்கும், மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது, தினமும் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய்வர வீட்டில் சம்மதம் கிடைத்திருக்காது. ‘வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், மாதம் இருபதாயிரம், முன் அனுபவம் வேண்டாம், பயிற்சிக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்’ என்று ஒரு விளம்பரம் கைப்பேசிக்கு வந்தால் அவர்கள் நின்று படிக்கத்தான் செய்வார்கள். படிப்பதில் தவறில்லை. அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற எல்லாமே அந்த வேலை அல்ல.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டார், என்ன மருந்து எழுதினார் என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்த ஒலிக்கோப்பைக் கேட்டு, மருத்துவமனைக்கு உகந்த வடிவில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அதை இன்னொருவர் சரிபார்ப்பார். பிறகு அது மருத்துவமனைக்குத் திரும்பும். நியூயார்க்கில் மாலை 5 மணி ஆகும்போது நமக்கு, அவர்களுடைய கோடையில், அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. டாக்டர் தூங்கி எழுவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். இந்த நேர வித்தியாசமும், நம் பிள்ளைகளின் ஆங்கிலமும், அங்கே கொடுப்பதைவிடக் குறைவான கூலியும் சேர்ந்துதான் 1990-களில் இந்தத் தொழிலைப் பெங்களூருக்கும் சென்னைக்கும் கொண்டுவந்தன. பின்னால் அலுவலகத்தில் சில வருடம் பழகியவர்கள் வீட்டிலிருந்தும் செய்யத் தொடங்கினார்கள்.

கம்ப்யூட்டர், ஹெட்ஃபோன், இங்கிலீஷ் என்று இருப்பதால் இதை ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துவிடுகிறோம். வீட்டிலிருந்து செய்யும்போது பெரும்பாலும் இது பீஸ் ரேட் வேலை. செய்த அளவுக்குக் கூலி. மாதச் சம்பளம் என்ற பேச்சே இருக்காது. பீஸ் ரேட் வேலை இந்த மண்ணுக்குப் புதிதா? ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றிய வீடுகள் உண்டு. ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் உண்டு. அவர்கள் தைத்த ஜோடிகள் வெளிநாட்டுக் கடைகளில் விற்பதையும், அவர்கள் கைக்கு வரும் கூலி எவ்வளவு சொற்பம் என்பதையும் 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை எடுத்துச் சொன்னது. பீடிக்காரர்கள் போராடிச் சட்டம் வாங்கினார்கள். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-வது உடன்படிக்கை 1996-லேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

பீடி சுற்றிய எந்தப் பாட்டியைக் கேட்டாலும் ஏஜென்டிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்வார். எதை வைத்து எண்ணுகிறாய், கழிவு எவ்வளவு போடுவாய், இலையில் எடை குறைந்தால் யார் பொறுப்பு, காசு என்றைக்கு? பேத்தி அதே கேள்விகளைக் கம்ப்யூட்டர் வேலைக்கும் கேட்க வேண்டும். படித்த வேலை ஆயிற்றே, இப்படிக் கேட்டால் மரியாதையாக இருக்குமா என்ற கூச்சம்தான் பலரை ஏமாற வைக்கிறது.

முதலில் அளவு. இங்கே கூலி வரிக்கணக்கில். வரி என்றால் திரையில் தெரிகிற வரி இல்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலும் 65 எழுத்து ஒரு வரி. வார்த்தைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் எழுத்தாகக் கணக்கில் வருமா, வராதா என்பதுதான் கேட்க வேண்டியது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இடைவெளிதான். இடைவெளியோடு 6,500 எழுத்து வரும் அறிக்கை 100 வரி. இடைவெளியைக் கழித்தால் அதே அறிக்கை 83 வரி. உதாரணத்துக்கு வரிக்கு 60 பைசா என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 60 ரூபாய், இரண்டாவதில் 50 ரூபாய்க்கும் கீழே. ரேட் குறையவே இல்லை, கூலி மட்டும் குறைந்துவிட்டது. மேலே தலைப்பில் வரும் மருத்துவமனைப் பெயர், முன்கூட்டியே தயாராக இருக்கும் வாசகங்கள் இவையெல்லாம் எண்ணிக்கையில் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இந்தத் தொழிலில் பெரிய நிறுவனமாக இருந்த மெட்குவிஸ்ட், வரிக்கணக்கைக் கூட்டிக் காட்டிப் பில் போட்டது என்று குற்றச்சாட்டு எழுந்து, 2008-ல் அரசுக்கு 66 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டது. கணக்குப் பார்க்கத் தனி இலாகா வைத்திருக்கும் இடங்களிலேயே வரி என்பது தகராறானது என்றால், வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அந்த ‘மாதம் இருபதாயிரம்’ கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 60 பைசா ரேட்டில் 20,000 ரூபாய்க்கு 33,000 வரிக்கு மேல் வேண்டும். மாதம் 25 நாள் என்றால் நாளைக்கு 1,300 வரிக்கு மேல். ஒரு நிமிட ஒலிக்குச் சுமார் 10 வரி வரும் என்று கொண்டால், தினமும் 130 நிமிடத்துக்கு மேல் ஒலிக்கோப்பு. நன்றாகப் பழகியவருக்கே ஒரு நிமிடத்தை முடிக்க நாலு நிமிடம் ஆகும். அதாவது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், எழுந்திருக்காமல். புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்துவிடலாம் என்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, அல்லது போட்டுவிட்டு மறைக்கிறார். நீங்கள் பேசும் நிறுவனத்தின் ரேட்டை வைத்து இதே கணக்கை அவர்கள் எதிரிலேயே போடுங்கள்.

அடுத்தது கழிவு. இந்தத் தொழிலில் வழக்கமாகக் கேட்கும் துல்லியம் 98 சதவீதம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. டாக்டர் ஃபிஃப்டீன் மில்லிகிராம் என்று சொன்னது ஃபிஃப்டி என்று காதில் விழுந்தால் மருந்து மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, ஹைப்போடென்ஷன் என்றால் குறைந்திருக்கிறது. வேகமாகப் பேசும் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். அதனால்தான் இந்த வேலையின் முதல் பாடம், காதில் சரியாக விழாததை ஊகித்து எழுதாதே, இடம் விட்டுவிடு என்பது. நீங்கள் கேட்க வேண்டியது: ஓர் அறிக்கையில் எத்தனை இடம் விடலாம்? மருந்து அளவில் வரும் பிழையும் காற்புள்ளிப் பிழையும் ஒரே எடையா? பிழை என்று யார் சொல்கிறார், திருத்திய பிரதியை எனக்குக் காட்டுவார்களா? 98-க்குக் கீழே போனால் அந்த அறிக்கைக்கு மட்டும் கூலி கிடையாதா, மாதம் முழுவதற்கும் கிடையாதா? திருத்திய பிரதி கையில் வராத இடத்தில் உங்கள் காது தேறாது. ஆறு மாதம் கழித்தும் அதே தவறுகள்தான் இருக்கும்.

மூன்றாவது கேள்வி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. எனக்குப் பணம் தரவேண்டியவர் யார், அவருக்கு மேலே யார்? 2003 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கராச்சியில் வீட்டிலிருந்து இந்த வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண். எனக்கு வரவேண்டிய கூலியை வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நோயாளிகளின் விவரங்களை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார், உண்மையான பதிவுகளையும் இணைத்து. அப்படி ஒருவர் தங்களுக்கு வேலை செய்கிறார் என்பதே மருத்துவமனைக்குத் தெரியாது. அவர்கள் வேலையைக் கொடுத்தது பக்கத்து ஊரான சாசலிட்டோவில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு. அங்கிருந்து அது ஃபுளோரிடாவுக்குப் போய், டெக்சஸுக்குப் போய், கடைசியில் கராச்சி வந்திருக்கிறது. அந்தப் பெண் பின்னர் மிரட்டலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நோயாளிகளின் அந்தரங்கத்தைப் பணயம் வைத்தது பெரிய குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருந்த கைகளில் ஒன்று காசைக் கொடுக்காமல் நிறுத்தியபோது, அவர் முறையிடுவதற்கென்று ஓர் இடம்கூட இல்லை என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது.

ஆகவே நிறுவனத்தின் பதிவு எண், அலுவலக முகவரி, எந்த மாதிரி மருத்துவமனைகளின் வேலை, நேரடியாக எடுத்ததா கைமாறி வந்ததா என்று கேளுங்கள். அமெரிக்காவின் 1996-ம் வருடத்து ஹிப்பா சட்டம் நோயாளி விவரங்களைக் காக்கும் பொறுப்பைக் கைமாறி வேலை எடுப்பவர்கள்மீதும் வைக்கிறது. ஒழுங்கான நிறுவனம் உங்களிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கேட்கும், உங்கள் அறையைப் பற்றிக் கேட்கும், அந்தக் கம்ப்யூட்டரைத் தம்பி விளையாட எடுப்பானா என்று கேட்கும். கேட்கிறார்களே என்று சங்கடப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. ஒன்றுமே கேட்காமல் வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்புகிறவரிடம்தான் பயப்பட வேண்டும்.

இனி பணம் கேட்பவர்கள். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தானாகவே மோசடி ஆகிவிடாது. மருத்துவச் சொற்கள், உடற்கூறு, மருந்துப் பெயர்கள், அமெரிக்க உச்சரிப்பு இவை பழகச் சில மாதம் ஆகும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் ‘வேலை உத்தரவாதம்’ என்று வாயால் சொல்வதை ரசீதில் எழுதித் தருவார்களா? வேலை தராவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும்? சென்ற பிரிவில் படித்தவர்களில் இருவரிடம் பேச விடுவார்களா? வேலூரில் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகள் இருப்பது நமக்கு ஒரு வசதி. அங்கே மருத்துவப் பதிவேட்டுத் துறையில் வேலை பார்க்கும் உறவோ பக்கத்து வீடோ இல்லாத தெரு குறைவு. பாடத்திட்டத்தை அவரிடம் காட்டி, இதைப் படித்தால் ஓர் அறிக்கை எழுத வருமா என்று கேட்டுவிடலாம். சாஃப்ட்வேருக்கு டெபாசிட், கையெழுத்திட்ட வெற்றுச் செக், அசல் சான்றிதழ் – இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிடக் கொடிய இன்னொரு வகை உண்டு. முதலில் பணமே கேட்க மாட்டார்கள். ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு வாரத்துக்கு வேலை தருவார்கள். பிறகு துல்லியம் 90 சதவீதத்துக்குக் குறைந்துவிட்டது, ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ், கைது என்று வக்கீல் பெயரில் போன் வரும். வீட்டுக்குத் தெரியாமல் நகையை அடகு வைக்கத் தூண்டும் அளவுக்கு மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்ய வராது. 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, காகிதத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்லும், அதுவும் வழக்கு நடந்த பிறகு. பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பயிற்சிக் கட்டணத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு எண் 15100.

கரண்ட், நெட், நாற்காலி எல்லாம் உங்களுக்கே தெரியும். கரண்ட் போய்க் கோப்பு தாமதமானால் யார் தலையில் விழும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் சுருங்கிவருகிறது. டாக்டரின் பேச்சை இயந்திரமே எழுத்தாக்குகிறது. மனிதருக்கு வருவது பெரும்பாலும் திருத்தும் வேலை, அதற்கு ரேட் குறைவு. மருத்துவப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-ல் வாங்கி முடித்தது. அதற்காக இயந்திரத்தை நம்பிவிட முடியும் என்றில்லை. யாரும் சொல்லாத வாக்கியங்களை இப்படிப்பட்ட ஒரு மென்பொருள் தானே சேர்த்து எழுதுவதாக 2024-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். இலக்கணப் பிழையே இல்லாத பொய் வாக்கியத்தைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த காது வேண்டும், எனவே நல்ல திருத்துநருக்கு இன்னும் இடம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு அந்த இடம் சீக்கிரம் கிடைக்காது. எனக்கு வரப்போவது முழுத் தட்டச்சா, திருத்தமா, இரண்டுக்கும் ரேட் என்ன, கோப்பு வராத நாளில் கூலி உண்டா என்று கேளுங்கள். பல்லாயிரம் ரூபாய் கட்டி இதை மட்டும் படிப்பதற்குப் பதில், மெடிக்கல் கோடிங், மருத்துவப் பதிவேடு போன்றவற்றுக்கும் உதவுகிற படிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பேசி முடித்ததும் ஒப்பந்தத்தின் நகலை இரண்டு நாள் வீட்டுக்குக் கொடுங்கள், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். இன்றைக்கே கட்டினால்தான் சீட் என்று பதில் வந்தால், கொண்டுபோன பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.