சூரியன் சேற்றில் மறைகிறதா?

வெள்ளிக்கிழமைகளில் உம்மா ஸூரத்துல் கஹ்ஃப் ஓதி முடித்த பிறகு நானும் தம்பியும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பை வாசிப்பது வழக்கம். ஒரு நாள் 86ஆம் வசனத்தில் தம்பி நின்றுவிட்டான். மேற்கே பயணம் செய்த துல்கர்னைன், சூரியன் சேறு கலந்த நீரூற்றில் மறைவதைக் கண்டார் என்று அங்கே வருகிறது.

“ராத்தா, சூரியன் பூமியை விடப் பெரிசுதானே? எப்படிச் சேத்துக்குள்ள போகும்?”

எனக்கும் தெரியவில்லை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் கேட்டிருக்கிறான். இப்படிக் கேட்டால் ஈமான் போய்விடும் என்று ஏச்சுத்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் என்னோடு உட்காருவதில்லை.

எங்கள் மாமி ஒரு மௌலவியா. அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 1210இல் மரணித்த இமாம் பக்ருத்தீன் ராஸி இதே கேள்வியைத் தமது தப்ஸீரில் எழுப்பியிருக்கிறார் என்றார். சூரியன் பூமியை விடப் பல மடங்கு பெரியது, அது பூமியின் ஊற்றொன்றுக்குள் நுழைய முடியாது என்பது ராஸியின் வாதம். கரை தெரியாத கடலில் போகிறவனுக்குச் சூரியன் கடலுக்குள் இறங்குவதுபோல் தோன்றும், துல்கர்னைன் கண்டதும் அப்படித்தான் என்று விளக்குகிறார். காலிமுகத்திடலில் நின்று நாமும் “சூரியன் கடலில் இறங்குது” என்றுதானே சொல்கிறோம்?

மாமி காட்டிய இன்னொன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் தப்ஸீருல் ஜலாலைனில், இந்த வசனத்துக்கு இமாம் மஹல்லியும் ராஸியைப் போலவே விளக்கம் எழுதுகிறார். ஆனால் பூமி விரிக்கப்பட்டது பற்றிய ஸூரத்துல் காஷியா வசனத்துக்கு வரும்போது, பூமி தட்டையானது, வானியலாளர் சொல்வதுபோல் உருண்டையல்ல என்கிறார்! அவர் மரணித்தது 1459இல். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி, மலை உச்சியிலிருந்து அடிவானத்தின் தாழ்வை அளந்து பூமியின் ஆரையைக் கணித்துவிட்டார். ஆனாலும் மஹல்லி ஒரு வார்த்தை சேர்க்கிறார்: உருண்டை என்று சொல்வதால் மார்க்கத்தின் எந்தத் தூணும் உடையாது. தவறான முடிவுக்கு வந்தவரிடமும் இருந்த அந்த நிதானம் எங்களில் பலரிடம் இல்லை.

ஏசுகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், விஞ்ஞானம் கண்டுபிடித்த எல்லாமே குர்ஆனில் இருக்கிறது என்று பேசுகிறவர்கள் மறுபக்கம். ஏழு வானங்கள் என்றால் வளிமண்டலத்தின் ஏழு படைகளாம். நாங்கள் பாடத்தில் படிப்பது ஐந்து படைகள். அதை விடுங்கள், ஸூரத்துல் முல்க் மிக அண்மையிலுள்ள வானத்தையே விளக்குகளால் அலங்கரித்ததாகச் சொல்கிறது. நட்சத்திரங்கள் வளிமண்டலத்துக்குள்ளா இருக்கின்றன?

ஏழு வானங்கள் என்ற பேச்சு குர்ஆன் இறங்கிய காலத்துக்கு முன்பே இருந்தது. பண்டைய ஈராக்கின் சுமேரிய மந்திரங்களில் ஏழு வானங்களும் ஏழு பூமிகளும் வருகின்றன. யூதர்களின் தல்மூதிலும் ஏழு வானங்கள் உண்டு. அன்றைய மனிதர் வானத்தை எப்படி மனதில் கண்டார்களோ, அந்தப் படத்தைக் கொண்டே வேதம் அவர்களோடு பேசியது என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒட்டகத்தையும் மலையையும் பார்க்கச் சொன்ன வேதம், பாலைவனத்து மனிதனுக்குத் தெரியாத வானத்தைக் காட்டி அவனோடு பேசியிருக்க முடியுமா?

போன வெள்ளிக்கிழமை ராஸியின் கேள்வியைத் தம்பிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

“அப்போ அவருக்கும் ஏசினாங்களா, ராத்தா?”